மேடையிலிருந்து காதுக்கு: ஓவியரின் வாழ்க்கை நாடகத்தை ஒலி நாடகமாக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஓவியரைப் பற்றிய மேடை நாடகத்தில் கைதட்டல் விழும் இடங்களைக் குறித்துப் பாருங்கள். பாதிக்கு மேல் பேச்சே இல்லாத இடங்களாக இருக்கும். திரை விலகி ஓவியம் தெரியும் கணம், மாடல் அசையாமல் நிற்கும் காட்சி, ஓவியர் தூரிகையைக் கீழே போடும் நொடி என்று எல்லாமே கண்ணுக்கானவை. அதே நாடகத்தை மைக் முன்னால் வாசித்தால் முதலில் செத்துப்போவதும் இவைதான். ஆகவே ஒலி நாடகமாக்கும் வேலையை வசனத்திலிருந்து தொடங்காதீர்கள். மௌனக் காட்சிகளிலிருந்து தொடங்குங்கள். அவற்றைக் காப்பாற்ற வழி கிடைத்துவிட்டால் மற்றவை தானாக வரும்.

இந்த வழிகாட்டிக்கு ராஜா ரவி வர்மாவை (1848–1906) எடுத்துக்கொள்வோம். கையில் இருக்கும் பிரதி இரண்டே கால் மணி நேர மேடை நாடகம், இருபதுக்கு மேல் பாத்திரங்கள், சுமார் 11,000 சொற்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இலக்கு 55 நிமிட ஒலி நாடகம். வேறு ஓவியர், வேறு நீளம் என்றாலும் செய்முறை இதேதான்.

முதலில் காகித வேலை

ரவி வர்மா மறைந்து நூறாண்டு கடந்துவிட்டது. அவர் ஓவியங்களுக்கோ வாழ்க்கைக்கோ யாரிடமும் அனுமதி வேண்டாம். மேடை நாடகம் அப்படியல்ல. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி (1957) நாடக ஆசிரியர் வாழும் காலமும் அவர் இறந்தபின் 60 ஆண்டுகளும் உரிமை அவருக்கோ வாரிசுக்கோ உரியது. வேறு வடிவத்துக்கு மாற்றுவதும் அந்த உரிமைக்குள் அடக்கம். வாய்ப்பேச்சாகச் சொன்ன "தாராளமா செய்யுங்க தம்பி" செல்லாது. எழுத்தில், கையொப்பத்தோடு வேண்டும்.

அந்தக் கடிதத்தில் காலமும் எல்லையும் இருக்கிறதா என்று பாருங்கள். உரிமை மாற்றத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் சட்டம் ஐந்தாண்டு என்றே எடுத்துக்கொள்ளும். எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். இணையத்தில் ஏற்றினால் யாழ்ப்பாணத்திலும் டொராண்டோவிலும் கேட்பார்கள், ஆகவே "உலகம் முழுவதும், எல்லா ஒலி வடிவங்களிலும்" என்று எழுதி வாங்குங்கள். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகிவிடும் என்ற விதியும் உண்டு. வேறு கெடு வேண்டுமென்றால் அதையும் கடிதத்திலேயே போடவேண்டும். எவ்வளவு வெட்டலாம், இறுதிப் பிரதியை ஆசிரியர் பார்ப்பாரா என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். தன் படைப்பு சிதைக்கப்பட்டது என்று எதிர்க்கும் உரிமை, பதிப்புரிமையை விற்றபிறகும் ஆசிரியரிடமே இருக்கும்.

வாழ்க்கை வரலாற்று நாடகத்தில் இன்னொரு பொறி உண்டு. ரவி வர்மாவுக்கும் அவர் மாடலுக்கும் காதல் என்ற கதையை மக்கள் வரலாறாகவே நினைக்கிறார்கள். அது பரவியது நாவல், திரைப்படம் வழியாக. மேடை ஆசிரியர் தெரியாமல் அங்கிருந்து ஒரு நிகழ்ச்சியை எடுத்திருந்தால், நாவலாசிரியரின் கற்பனைக்கு உங்களிடம் அனுமதி இல்லை. ஒவ்வொரு காட்சிக்கும் பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள்: ஆவணம், வழிவழிக் கதை, நாடக ஆசிரியரின் கற்பனை, வேறொருவரின் கற்பனை. நான்காவது வகையை வெட்டுங்கள்.

கண்ணை மூடிக் கேட்கும் வாசிப்பு

நடிகர்களை உட்காரவைத்து மேடைப் பிரதியை முழுதாக வாசிக்கச் செய்து போனிலேயே பதிவு செய்யுங்கள். மேடைக் குறிப்புகளை யாரும் வாசிக்கக் கூடாது. பிறகு நாடகத்தைப் பார்த்தேயிராத ஒருவரிடம் அதைக் கொடுத்து, புரியாமல் போன இடத்தில் எல்லாம் நேரத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். குழப்பங்கள் நான்கு வகையில்தான் வரும்: யார் பேசுவது, எங்கே நடக்கிறது, எத்தனை ஆண்டு கழிந்தது, இப்போது என்ன நடந்தது.

ரவி வர்மா நாடகத்தில் முதல் வகை பெரிய தலைவலி. அவருக்கு முதலில் ஓவியம் கற்றுக்கொடுத்த மாமாவின் பெயர் ராஜராஜ வர்மா. கடைசிவரை உடனிருந்து வரைந்த தம்பியின் பெயரும் ராஜராஜ வர்மா. மேடையில் நரைத்த தலையும் கறுத்த தலையும் போதும். ஒலியில் இரண்டு ராஜராஜ வர்மாக்களைக் கேட்பவர் தாங்கமாட்டார். மாமாவை முழு நாடகத்திலும் "மாமா" என்று மட்டும் அழையுங்கள், பெயரே வேண்டாம். தம்பிக்குப் பெயரை விட்டுவிடுங்கள். ரவி வர்மா வாழ்ந்த திருவிதாங்கூர் அரசிலும் "மகாராஜா" என்று மட்டும் சொன்னால் யாரென்று தெரியாது: ரவி வர்மாவை ஆதரித்த ஆயில்யம் திருநாளுக்குப்பின் 1880-ல் விசாகம் திருநாள் வருகிறார். ஒருவரை மேடையேற்றுங்கள், மற்றவர் செய்தியாக மட்டும் வரட்டும்.

ஒரு காட்சியில் நான்கு குரலுக்கு மேல் வைக்காதீர்கள். ஒரே வயது ஆண்குரல்கள் மூன்று இருந்தால் ஒன்றைப் பெண்ணாக்க முடியுமா என்று பாருங்கள். தங்கை மங்கள பாயும் ஓவியர்தான். பெயர் தெரியாத நண்பன் பேசும் வசனங்களை அவருக்குக் கொடுத்தால் குரலும் மாறும், பாத்திரமும் கனக்கும். மேடை ஆசிரியர்கள் ஏனோ அவரை மறந்துவிடுகிறார்கள்.

எவ்வளவு வெட்டுவது

55 நிமிடத்தில் தொடக்க அறிவிப்பு, இறுதிப் பெயர்ப்பட்டியல், இசை, பேச்சில்லா ஒலிகள் எல்லாம் ஏழெட்டு நிமிடம் தின்றுவிடும். மீதி 47 நிமிடம். தமிழ்ச் சொற்கள் நீளம் என்பதால், நடித்துப் பேசும்போது நிமிடத்துக்கு 95 முதல் 100 சொல் என்று கணக்கிடுங்கள். அப்படியானால் உங்களிடம் இருப்பது ஏறத்தாழ 4,500 சொல். மேடைப் பிரதியில் பத்தில் ஆறு பங்கு போகவேண்டும்.

விருதுப் பட்டியலை முதலில் தூக்குங்கள். 1873-ல் வியன்னாக் கண்காட்சியில் பரிசு, 1893-ல் சிகாகோவில் பதக்கங்கள், 1904-ல் ஆங்கில அரசின் கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் என்று மேடையில் ஸ்லைடு போட்டு ஓட்டிவிடலாம். காதுக்கு அது பள்ளி ஆண்டுவிழா அறிக்கை. ஒரே ஒரு பரிசை வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் யாருக்காவது பொறாமையோ கடனோ உண்டாக்கும் பரிசாக இருக்கட்டும். அடுத்து, உள்ளே வருவதும் வெளியே போவதுமான வசனங்கள். ஒலி நாடகத்தில் காட்சியை நடுவிலேயே தொடங்கி நடுவிலேயே முடிக்கலாம். இதிலேயே பத்து நிமிடம் மிச்சமாகும். வேலைக்காரர்கள் இருவர் சந்தித்து முதலாளியின் கதையைச் சொல்லும் அந்தப் பழைய காட்சி உங்கள் பிரதியிலும் இருந்தால் யோசிக்காமல் எடுத்துவிடுங்கள்.

வெட்டக் கூடாதது, ஒரே செயலை மூன்று காலத்தில் காட்டும் காட்சிகள். 14 வயதில் அரண்மனைக்கு வந்து நிறம் அரைப்பது, 20 வயதில் எண்ணெய் வண்ணத்தைப் பார்த்துக் கற்பது, 46 வயதில் அச்சகம் திறப்பது என மூன்றுக்கும் தனித்தனி ஒலி உண்டு. நாடகத்தின் முதுகெலும்பே அந்த ஒலிகள்தான்.

கதைசொல்லி யார்?

சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை வானொலியில் திரைப்பட ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு உடனே தோன்றும் வழி, நடுநடுவே ஓர் அறிவிப்பாளர் "அப்போது ரவி வர்மா ஜன்னலருகே செல்கிறார்" என்று சொல்வது. படத்தைப் பார்த்தவருக்கு நினைவூட்ட அது உதவும். உங்கள் நேயர் நாடகத்தைப் பார்க்கவில்லை. வெளியாள் விவரித்தால் அவரும் வெளியிலேயே நிற்பார்.

கதைசொல்லி கதைக்குள் இருக்கவேண்டும், அவருக்கு ஏதாவது இழப்பு இருக்கவேண்டும். இங்கே விடை கையிலேயே இருக்கிறது. தம்பி சி. ராஜராஜ வர்மா அண்ணனோடு ஊர் ஊராகப் பயணம் செய்தார், படங்களில் உடன் வேலை செய்தார், ஆங்கிலத்தில் நாட்குறிப்பும் எழுதினார். பாராட்டு முழுவதும் அண்ணனுக்கே போவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர். இதைவிட நல்ல குரல் கிடைக்காது. நாட்குறிப்பின் அச்சுப் பதிப்பில் பதிப்பாசிரியர்கள் எழுதிய முன்னுரை, குறிப்புகளுக்குத் தனி உரிமை உண்டு. தம்பியின் சொற்களுக்கும் உரிமை இன்னும் இருக்கக்கூடும், அதை உறுதிசெய்துகொண்டு அவற்றை மட்டும் எடுத்து நீங்களே தமிழாக்குங்கள்.

இரண்டு சிக்கல்கள் வரும். தம்பி பிறந்தது 1860. 1868-ல் அரண்மனையில் அண்ணன் எண்ணெய் வண்ணம் கற்றதை அவர் கண்டிருக்க வாய்ப்பில்லை. ஆகவே முதல் பகுதி முழுதும் "அண்ணா சொல்லக் கேட்டது" என்ற தொனியில் வரவேண்டும். அண்ணன் கொஞ்சம் மிகைப்படுத்திச் சொல்லியிருப்பாரோ என்ற சந்தேகத்தைத் தம்பியின் குரலிலேயே வைத்தால், வழிவழிக் கதைகளையும் நேர்மையாகப் பயன்படுத்தலாம். அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கர் சொல்லித்தர மறுத்ததும், அவர் சீடர் ஆறுமுகம் பிள்ளை இரவில் ரகசியமாக வந்து உதவியதும் அந்த வகை.

அடுத்தது பெரியது. தம்பி 1905-ல் இறந்துவிடுகிறார், அண்ணனுக்கு முந்தி. கடைசி ஆண்டைச் சொல்ல ஆளில்லை. பலர் அங்கே புதிதாக ஒரு கதைசொல்லியைக் கொண்டுவருவார்கள், வேண்டாம். 46-வது நிமிடத்தில் தம்பியின் குரலை ஒரு சாதாரண வாக்கியத்தின் முடிவில் நிறுத்திவிட்டு, மீதி ஒன்பது நிமிடத்தைக் கதைசொல்லி இல்லாமலே வெறும் காட்சிகளாக ஓடவிடுங்கள். முக்கால் மணி நேரமாகக் காதில் இருந்த குரல் இல்லாதது தெரியும். அதற்குமேல் இரங்கல் இசை போடத் தேவையில்லை.

மௌனக் காட்சியை மாற்றுவது

1868-ல் தியோடர் யென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் திருவனந்தபுரம் வந்தார். கிளிமானூர்க்காரரான ரவிக்குக் கற்றுத்தர மறுத்தார், வரையும்போது பார்க்க மட்டும் விட்டார். மேடைப் பிரதியில் அது இப்படி இருக்கக்கூடும்:

(அரண்மனைக் கூடம். மகாராஜா நாற்காலியில். யென்சன் வரைகிறார். தூணருகே ரவி. நீண்ட மௌனம். ரவியின் கை தானாக யென்சனின் அசைவைப் பின்பற்றுகிறது. யென்சன் திரும்புகிறார். கை இறங்குகிறது.)

ஒரு வசனமும் இல்லை. மேடையில் இரண்டு நிமிடம் அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஒலிக்கு:

ஒலி: பெரிய கூடம். தொலைவில் பங்காக் கயிறு (கூரையில் தொங்கும் துணி விசிறியை ஆட்டுவது) இழுபடுகிறது, சீராக.
ஒலி: (மிக அருகே) கேன்வாஸில் காய்ந்த பிரஷ். இரண்டு இழுப்பு. நிறுத்தம்.
யென்சன்: (தள்ளி) தாடையைச் சற்றே தாழ்த்த வேண்டும், மகாராஜா.
மகாராஜா: (தள்ளி) இன்னும் எவ்வளவு நேரம்?
யென்சன்: வெளிச்சம் இருக்கும்வரை.
ரவி: (மைக்கை ஒட்டி, மூச்சுக்குரல்) கறுப்பை எடுக்கலை. நிழலுக்குக் கறுப்பே தொடலை. பழுப்பு... அதுமேல சிவப்பு...
ஒலி: எண்ணெய்க் கிண்ண விளிம்பில் பிரஷ் காம்பு. இரண்டு தட்டு.
ரவி: காயவே விடலை. ஈரத்துமேலயே அடுத்தது.
ஒலி: (மைக்கை ஒட்டி) உள்ளங்கையில் விரல். அதே இரண்டு இழுப்பு, பிரஷ்ஷின் தாளத்தில்.
யென்சன்: (திரும்பி) அந்தக் கிளிமானூர்ப் பையன் என்ன செய்கிறான்?
ஒலி: விரல் சத்தம் அறுபடுகிறது. பங்கா மட்டும்.
மகாராஜா: பார்க்கிறான். பார்க்கத்தானே அனுமதி தந்தேன்.

ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மேடையில் பார்வையாளர் ரவியைப் பார்த்தார், இங்கே ரவியின் காதுக்குள் உட்கார்ந்திருக்கிறார். மகாராஜாவும் யென்சனும் தள்ளி இருப்பதால் அவர்கள் பேச்சே பின்னணியாகி, விரல் சத்தம் முன்னுக்கு வருகிறது. பிடிபட்டான் என்பதை யாரும் சொல்லவில்லை, சத்தம் நின்றது, அவ்வளவுதான். ரவியின் முணுமுணுப்பு ஓவியத்தின் அழகை வர்ணிக்கவில்லை. அடுத்தவன் கைத்தொழிலைத் திருடுகிறவன் பேசும் பேச்சு அது.

இன்னொன்றையும் கவனியுங்கள். யென்சனும் மகாராஜாவும் நூல்தமிழில் பேசுகிறார்கள், ரவி பேச்சுத்தமிழில். இது நாடகம் முழுமைக்குமான ஏற்பாடு: ஆங்கிலத்தில் நடந்த உரையாடல்களுக்கு நூல்தமிழ், மலையாளத்தில் நடந்தவற்றுக்கு இயல்பான பேச்சுத்தமிழ். நேயருக்கு விளக்கவே வேண்டாம், ஐந்து நிமிடத்தில் காது பழகிவிடும். வெள்ளைக்காரனுக்கு "நான் வர்றான்" பாணிக் கொச்சைத் தமிழும், மலையாளிக்கு மூக்கால் பேசும் தமிழும் கொடுத்தால் நாடகம் அங்கேயே நகைச்சுவைத் துணுக்காகிவிடும்.

ஓவியத்தைக் கேட்கவைப்பது

முழு ஓவியத்தையும் விவரிக்கும் வசனம் ஒன்றுகூட இருக்கக் கூடாது. "ஆகா, என்ன கண்கள்! அந்தச் சேலையின் மடிப்பைப் பாருங்கள்!" என்று ஒருவர் வியந்தால் நேயருக்கு ஒன்றும் தெரியாது, வியக்கிறார் என்பது மட்டும் தெரியும். ஓவியத்தைப் பற்றிப் பேசுகிறவருக்கு அதிலிருந்து ஏதாவது வேண்டும். கால் வலிக்கும் மாடல், பணம் கொடுக்கும் திவான், நிறம் பிரிக்கும் அச்சுத் தொழிலாளி ஆகியோர் பேசினால் படம் தானாகத் தெரியும். மூன்று விவரம் போதும்: ஓர் உடலசைவு, ஒரு வெளிச்சம், ஒரு குறை.

காலில் முள் தைத்ததுபோல் நடித்துத் திரும்பிப் பார்க்கும் சகுந்தலை ஓவியம் எல்லோருக்கும் தெரியும். அதை மாடல் நிற்கும் காட்சியாக எழுதுங்கள். ஒற்றைக் காலில் நிற்கிறாள், தோழியின் தோளைப் பிடித்திருக்கிறாள், வளையல் லேசாக நடுங்குகிறது. "தலையைத் திருப்பு, காலைப் பார்க்காதே." "காலைப் பார்க்காம முள்ளை எப்படி எடுக்கறது?" "முள் இல்லை." இந்த மூன்று வரியில் படமும் வந்துவிட்டது, கதையும் வந்துவிட்டது. வளையல் சத்தம் சோர்ந்து நிற்பதைவைத்து நேரம் போனதும் தெரிகிறது.

அச்சகக் காட்சி இன்னும் வளமானது. 1894-ல் பம்பாயில் தொடங்கிய அந்த அச்சகத்தில் கல்லச்சு முறை. வழவழப்பான சுண்ணாம்புக்கல்மேல் கொழுப்பு மையால் வரைவார்கள். பிசினும் அமிலமும் பூசிப் பதப்படுத்துவார்கள். பிறகு கல்லை ஈரமாக்கி உருளையால் மை ஏற்றினால், வரைந்த இடம் மட்டும் மையைப் பிடிக்கும், ஈரமான இடம் தள்ளிவிடும். நிறத்துக்கு ஒரு கல். ஒரே தாள் அத்தனை கல்லின்மேலும் ஒவ்வொன்றாக ஏறி இறங்கவேண்டும். தாள் மயிரிழை நகர்ந்தாலும் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் விழும். "லட்சுமிக்கு வாய் கோணிப்போச்சு!" என்று ஒரு தொழிலாளி கத்தினால் போதும், நாட்டின் பூஜையறைகளையெல்லாம் நிறைக்கப்போகும் படம் எப்படிப் பிறந்தது என்பது நேயருக்குக் கண்முன் நிற்கும். 1896-ல் பம்பாயில் பிளேக் பரவியதும், அச்சகம் பிற்பாடு லோணாவாலா அருகே மாளவலிக்குப் போனதும், கடைசியில் ஜெர்மானியரான ஷ்லைஷரிடம் விற்கப்பட்டதும் அதே ஒலிகள் ஒவ்வொன்றாக நிற்பதில் சொல்லிவிடலாம்.

ஒலிகளை உண்டாக்குவது

இணையத்தில் கிடைக்கும் "ஓவியம் வரையும் ஒலி" பெரும்பாலும் பென்சில் காகிதத்தில் உரசுவது. எண்ணெய் வண்ணத்துக்கு அது பொருந்தாது. இரண்டடிக்கு மூன்றடி கேன்வாஸைச் சட்டத்தில் இழுத்துக் கட்டுங்கள். தளர்ந்தால் ஒலி மந்தமாகும். பன்றிமயிர் பிரஷ்ஷை மிகக் கொஞ்சம் எண்ணெயில் தொட்டு இழுங்கள். நிறைய எண்ணெய் தோய்த்தால் சத்தமே வராது. மைக்கை கேன்வாஸின் பின்புறம் ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். துணி பறையைப்போல ஒலியைப் பெருக்கித் தரும்.

கல்லச்சுக்கு வீட்டு அம்மியே போதும். பழைய கல்லைத் தேய்த்துப் புதிதாக்க, இரண்டு கற்களுக்கு இடையில் நீரும் மணலும் இட்டு வட்டமாகச் சுற்றுவார்கள். மணல் நொறுங்க நொறுங்க சத்தம் கரகரப்பிலிருந்து வழவழப்புக்கு மாறும். அம்மியில் ஈரமணல் போட்டு இரண்டு நிமிடம் விடாமல் அரைத்துப் பதிவு செய்தால் அந்த மாற்றம் முழுதாகக் கிடைக்கும், துண்டு துண்டாகப் பதிவு செய்யாதீர்கள். மை உருளைக்குக் கண்ணாடிமேல் அச்சு மை தடவி ரப்பர் உருளையை ஓட்டுங்கள். மை சரியான பதத்தில் இருந்தால் சின்னச் சின்னதாய்ப் பிய்யும் சத்தம் வரும். அச்சு எந்திரத்தின் சக்கரத்துக்கு எண்ணெய் போடாத கிணற்று ராட்டினம்.

காலப்பிழைக்கு ஒரு தனித் தாள் வைத்திருங்கள். திருவனந்தபுரத்துக்கு ரயில் வந்தது 1918-ல். ரவி வர்மா உயிரோடிருந்தவரை அந்த ஊரில் ரயில் கூவவே இல்லை. வண்டி, பல்லக்கு, படகு என்று போடுங்கள். பம்பாய்க் காட்சியில் நீராவி ரயில் தாராளமாக வரலாம். இந்தியாவில் இசைத்தட்டுக்கான ஒலிப்பதிவு தொடங்கியது 1902-ல் என்பதால், 1890களின் வீட்டுக் காட்சியில் பின்னணியில் கிராமபோன் பாட்டு போட்டால் தெரிந்தவர் சிரிப்பார். மின்விசிறிச் சத்தம் எங்குமே கூடாது. இதைத் தனியாகச் சொல்லக் காரணம், அது ஒலிக்கோப்பில் வேண்டுமென்று சேர்க்கப்படுவதில்லை, ஒலிப்பதிவு அறையிலிருந்து தானாக வந்து உட்காரும்.

ஒலிப்பதிவு

நல்ல ஸ்டுடியோ கிடைத்தால் மகிழ்ச்சி. இல்லையென்றால் சன்னல் குறைந்த அறை, சுவரோரம் மெத்தைகள், நடிகருக்குப் பின்னால் கம்பளி. கை தட்டிப் பாருங்கள், எதிரொலி கேட்டால் இன்னும் துணி வேண்டும். ஏசி, மின்விசிறி, ஃபிரிட்ஜ் எல்லாம் அணையுங்கள். ஃபிரிட்ஜை அணைத்தவர் தன் வண்டிச் சாவியை அதற்குள் வைத்தால் வீட்டுக்குப் போகும்முன் மறக்காமல் மறுபடி போடுவார்.

பதிவுக் கோப்பின் தரம் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ஒரு திசையில் மட்டும் கேட்கும் கண்டென்சர் மைக், வாயிலிருந்து 20 சென்டிமீட்டர், நேராக வைக்காமல் சற்றே பக்கவாட்டில். பதிவுக் கருவியின் அளவுமானியில் உச்ச அளவு மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி ஆடட்டும். மைனஸ் 6-ஐத் தாண்டினால் குறையுங்கள், கத்தும் வசனத்துக்கு இடம் வேண்டும். தரையில் டேப் ஒட்டி மூன்று இடம் குறியுங்கள்: 20 சென்டிமீட்டர் (மனக்குரல்), 60 (உரையாடல்), ஒன்றரை மீட்டர் (கூடத்தின் மறுமுனை). தூரத்தைப் பின்னர் கணினியில் சத்தத்தைக் குறைத்துக் கொண்டுவர முடியாது. குறைந்த சத்தத்தில் அருகே நிற்பவராகத்தான் கேட்கும்.

மேடை நடிகர்கள் கடைசி வரிசைக்குப் பேசிப் பழகியவர்கள். "மெதுவாகப் பேசுங்கள்" என்றால் உயிர் போய்விடும். அதற்குப் பதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, எதிர் நடிகரை ஓரடி தூரத்தில் நிறுத்துங்கள். தன் மூச்சே தனக்குக் கேட்கும்போது தானாக இறங்கிவருவார். கை அசைவைத் தடுக்காதீர்கள். தடுத்தால் குரலும் கட்டிப்போட்டதுபோல் ஆகிவிடும். சரசரக்கும் சட்டை, வளையல், சாவிக்கொத்து மட்டும் வெளியே போகட்டும்.

பிரதியை 14 புள்ளி எழுத்தில், ஒரு பக்கம் மட்டும் அச்சிடுங்கள். ஒரு வசனம் அடுத்த பக்கத்துக்கு ஓடக்கூடாது, ஓடினால் அந்த இடத்தில் தாள் சத்தம் நிச்சயம். ழகர ளகரப் பிழைகளை அங்கேயே திருத்திப் பதியுங்கள். மேடையில் தப்பித்த, "வாளி" என்று ஒலிக்கும் "வாழி" ஹெட்போனில் தப்பாது. ஒவ்வொரு அமர்வின் முடிவிலும் எல்லோரும் அசையாமல் நிற்க, வெறும் அறையை 60 நொடி பதிவு செய்யுங்கள். வசனங்களுக்கு இடையே ஒட்டுப்போட அது இல்லாவிட்டால் வெட்டிய இடமெல்லாம் பள்ளமாகத் தெரியும்.

ரவி வர்மாவுக்கு 14 வயதிலிருந்து 58 வரை ஒரே நடிகர் வேண்டாம். இரண்டு பேர். இளையவர் 1868 காட்சியோடு விடைபெறட்டும். மாற்றம் நடக்கும் இடத்தில் ஒரே வாக்கியத்தை இளையவர் தொடங்க, மூத்தவர் முடிக்கட்டும், நடுவில் இரண்டு பிரஷ் இழுப்பு. "கறுப்பை எடுக்கலை" என்ற வரி இதற்குத் தோதானது. மூத்தவர் அதையே தன் உதவியாளரிடம் கட்டளையாக, "கறுப்பை எடுக்காதே" என்று சொல்லலாம்.

தொகுப்பும் இறுதிச் சோதனையும்

ஒலித்தொகுப்பு மென்பொருள் ரீப்பர், ஆடாசிட்டி எதுவானாலும் தடங்களைப் பிரித்து வையுங்கள்: உரையாடல், மனக்குரலும் கதைசொல்லியும், கைவேலை ஒலிகள், இடத்தின் சூழல் ஒலி, இசை. முதலில் வெறும் உரையாடலை மட்டும் அடுக்கி முழு நீளமும் கேளுங்கள். அதிலேயே கதை தொய்ந்தால் ஒலியாலும் இசையாலும் தூக்கி நிறுத்த முடியாது. சூழல் ஒலி காட்சித் தொடக்கத்தில் மூன்று நான்கு நொடி தெளிவாக வந்து, பேச்சு தொடங்கியதும் அடங்கட்டும். எல்லாக் காட்சி மாற்றத்துக்கும் வீணை போடும் பழக்கம் வேண்டாம். ஆண்டுகள் தாண்டும்போது மட்டும் இசை. அதே நாளில் இடம் மாறினால் ஒரு ஒலியை வெட்டி இன்னொன்றை ஒட்டினாலே போதும்: கேன்வாஸ் இழுப்பிலிருந்து நேராகக் கல் அரைப்புக்கு.

மனக்குரலுக்கு எதிரொலி சேர்க்காதீர்கள். எதிரொலி என்றாலே கனவு, பேய், அசரீரி. மாறாக எதிரொலியே இல்லாமல் வறட்சியாக விட்டு, அந்த நேரத்தில் கூடத்தின் சூழல் ஒலியைக் கொஞ்சம் இறக்கினால் தலைக்குள் பேசுவதாகத் தோன்றும்.

இணையத்துக்கு முழு நாடகத்தின் சராசரி ஒலியளவு மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ் (காது உணரும் சத்தத்தை அளக்கும் அலகு; மோனோ என்றால் மைனஸ் 19), உச்சம் மைனஸ் 1 டெசிபல். ஒலிபரப்பு நிலையத்துக்குக் கொடுப்பதானால் அவர்கள் அளவைக் கேட்டுத் தனிக் கோப்பு. பிறகு மூன்று விதமாகக் கேளுங்கள்: ஹெட்போனில், சமையலறையில் போன் ஸ்பீக்கரில், ஓடும் பேருந்தில் இயர்போனில். பேருந்தில் யென்சனின் தள்ளிய குரல் புரியவில்லையென்றால் மூன்று டெசிபல் ஏற்றுங்கள். விரல் சத்தம் கேட்கவில்லையென்றால் அதை ஏற்றாதீர்கள், பங்காவை இறக்குங்கள்.

வெளியிடும் பக்கத்தில் ஓவியங்களைப் போடலாம், ஆனால் அவற்றைப் பார்த்தால்தான் காட்சி புரியும் என்ற நிலை வந்தால் பிரதிக்குத் திரும்புங்கள். குறிப்பில் மூலநாடக ஆசிரியர் பெயர், நடிகர்கள், ஒலி அமைத்தவர், இவற்றோடு எந்தக் காட்சிகள் கற்பனை என்பதையும் எழுதிவிடுங்கள். யென்சன் காட்சியில் நிகழ்ச்சி வரலாறு, வசனம் கற்பனை. சகுந்தலை காட்சியில் ஓவியம் உண்மை, மாடலின் பேச்சு கற்பனை. இறுதிப் பெயர்ப்பட்டியலை 45 நொடிக்கு மேல் வாசிக்காதீர்கள்.